சுடுமண்ணில் கடல்



இவ்வாண்டு நம் பள்ளியில் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓவியப் பாட வேளையில் சுடுமண் கலங்களின்மேல் வண்ணந் தீட்டும் பயிற்சி அளிக்கப்பெற்றது. தீட்டுதற்குரிய பொருளாகக் கடல்வாழ் உயிரினங்களைத் தேர்ந்துகொண்டோம். கலங்களாகப் பயன்பட்டவையோ கடையில் வாங்கிய தட்டுகள் அல்ல. லயத்துப் பின்புறங்களிலும் பழைய கொட்டகைகளிலும் கிடந்த பால் மங்குகள். செய்தி பரவியதும் பெற்றோர் சிலர் வெளிப்படையாகவே கேட்டனர்: "கடலுக்கும் நம் தோட்டத்துக்கும் என்ன ஐயா தொடர்பு? கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நேரத்தில் ஆமைக்கு வண்ணம் பூசுவது எதற்கு?" கேள்வி நியாயமானது. ஆண்டு மலரில் அதற்கு விரிவாக விடை சொல்வதே முறை என்று கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

மங்கு என்றால் என்னவென்று இன்றைய மாணவர் பலர்க்குத் தெரியாது. ஆதலால் அதனை முதலில் சொல்லிவிடுவோம். பால்மரத்தின் பட்டையில் சாய்வாக வெட்டிய கோட்டின் வழியே இறங்கிவரும் பால், ஒரு தகரப் பீலி வழியாகச் சொட்டிச் சேரும் கிண்ணமே மங்கு. கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கோக்' என்னும் மலாய்ச் சொல்லை நம் முன்னோர் தம் நாவுக்கேற்பச் சுருக்கிக்கொண்டனர் போலும். தொடக்கக் காலத்தில் தேங்காய்ச் சிரட்டையும் இதற்குப் பயன்பட்டது. பின்னர்ச் சுடுமண் மங்குகள் பெருகின. மலாயாவில் அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் தென்சீனத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள். மேட்டுச் சரிவில் நீண்டு படுத்திருக்கும் டிராகன் சூளைகளில் விறகிட்டு, ஒரே சூட்டில் ஆயிரக்கணக்கான மங்குகளை அவர்கள் எடுத்தனர். மங்கின் உட்புறத்தில் மெருகு பூசப்பட்டிருக்கும். காரணம், மெருகில்லாத மண்ணில் பால் ஊறிப் பற்றிக்கொள்ளும்; மெருகின்மேல் உறைந்த கட்டிப்பாலோ தோலுரிவதுபோல் உரிந்து வந்துவிடும். வெட்டுக்கு முன் மங்கு துடைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. தாய்க்குத் துணையாகப் போன பிள்ளைகளின் வேலையும் அதுவே. இதனைப் படிக்கும் பாட்டிமார் பலர், எத்தனை நிரைகளில் எத்தனை மங்குகளைத் துடைத்தோம் என்று இன்றும் கணக்குச் சொல்வர்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் அந்த மங்குகளுக்கு வேலையில்லாமற் போயிற்று. சில பூச்செடிக்குத் தொட்டியாயின. சில கோழிக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டன. மிகப் பல மண்ணுக்குள் புதைந்தன. ஆயினும் புதைந்தவை மீண்டும் களிமண் ஆகவில்லை. நாற்பது ஆண்டு மழையில் கிடந்த மங்கையும் இன்று தோண்டியெடுத்துக் கழுவினால் பழையபடியே இருக்கிறது. ஏன் அப்படி? நம் முதற் பாடம் இதுவே.

களிமண் என்பது சிதைந்த மலை. நம் மாநிலத்தின் கிழக்கே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி கருங்கல்லால் ஆனது. கருங்கல்லை உற்று நோக்கினால் பளபளக்கும் சிறு மணிகளும் மங்கலான வெண்மணிகளும் கலந்திருப்பதைக் காணலாம். அவ்வெண்மணிகளுள் ஃபெல்ட்ஸ்பார் எனும் கனிமம் முதன்மையானது. வெப்பமும் மழையும் மிகுந்த நம் நாட்டில், எண்ணற்ற ஆண்டுகளாக நீர் ஊடுருவி ஊடுருவி, அக்கனிமம் மெல்ல மாறி வெண்களிமண் ஆகிறது. அதனைக் காவோலின் என்பர். சீனாவின் பீங்கான் நகரமாகிய சிங்டெச்சென்னுக்கு அருகிலுள்ள காவ்லிங் என்னும் ஊரின் பெயரால் அப்பெயர் வந்தது. நமக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. பீடோர், தாப்பா வட்டாரங்களிலேயே காவோலின் தோண்டி எடுக்கப்பட்டு வந்துள்ளது.

இக்களிமண்ணில் நீர் இருவகையாக இருக்கிறது. ஒன்று, நாம் பிசையும்போது சேர்த்த நீர். வெயிலில் காயும்போதே அது பெரும்பாலும் போய்விடும், எஞ்சியது சூளையில் 100 பாகை செல்சியசில் ஆவியாகும். ஈரம் உள்ளே இருக்கக் கலத்தைச் சூளையில் வைத்தால், ஆவி வெளியேற வழியின்றிக் கலம் வெடித்துச் சிதறும். மற்றொன்று, களிமண்ணின் நுண்துகளோடு பிணைந்தே இருக்கும் நீர். ஏறத்தாழ 450 முதல் 600 பாகைச் சூட்டில்தான் அது பிரியும். அது பிரிந்தபின் களிமண் தன் இயல்பை இழந்துவிடுகிறது. பிறகு எத்தனை ஆண்டு நீரில் ஊறினாலும் குழையாது. பனையோலையும் துணியும் மட்கிப்போன இடங்களில் பானை ஓடு மட்டும் தொல்லியலார் கையில் சிக்குவதற்குக் காரணம் இதுதான்.

மெருகு என்பது கண்ணாடி, வேறொன்றும் இல்லை. கண்ணாடிக்கு மூலம் மணல். ஆனால் மணலைத் தனியே உருக்க 1,700 பாகைக்கும் மேலான சூடு வேண்டும். விறகுச் சூளைக்கு அஃது எட்டாது. எனவே மணல் எளிதில் உருகுமாறு குயவர் வேறு பொருள்களைச் சேர்ப்பர். மரச்சாம்பல் அவற்றுள் ஒன்று, சுண்ணாம்பு மற்றொன்று. மெருகு பால்போல் வெண்மையாக வேண்டுமென்றால் அதில் வெள்ளீயத்தின் ஆக்சைடைக் கலப்பர். 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பாஸ்ரா நகரக் குயவர்கள், சீனப் பீங்கானின் வெண்மையைத் தம் சாதாரண மண்ணிலேயே காட்ட விரும்பி இம்முறையைக் கையாண்டனர். அது ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் பரவி, ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகர ஓடுகள் வரை சென்றது. நம் ஊர்ப் பேச்சில் 'ஈயம்' என்று பொதுவாகச் சொல்வது இந்த வெள்ளீயத்தையே. அதனை உலகுக்கு வாரி வழங்கியது நம் கிந்தாப் பள்ளத்தாக்கு. 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் ஓய்ந்தன. அவை விட்டுச்சென்ற குளங்களை ஈப்போ செல்லும் வழியெல்லாம் இன்றும் பார்க்கிறோம். களிமண், சுண்ணாம்பு, வெள்ளீயம் என்னும் மூன்றும் ஒரே மாநிலத்தில் கிடைப்பது எளிதன்று. பேராக்கில் மூன்றும் உண்டு.

இம்மூன்றனுள் சுண்ணாம்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஈப்போவைச் சுற்றிச் சுவர்போல் எழுந்து நிற்கும் வெண்சாம்பல் நிறக் குன்றுகளை அறியாதவர் யார்? கோயில்கள் குடைந்த குகைகளும், வெந்நீர் ஊறும் தம்புன் அடிவாரமும் அக்குன்றுகளைச் சார்ந்தவையே. அவை யாவும் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்லோ கடலில் பிறந்தது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் முதல் 25 கோடி ஆண்டுகள் வரைக்கும் முற்பட்ட நெடுங்காலத்தில் இவ்விடம் ஆழமற்ற வெப்பக் கடலாக இருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த பவளம், சிப்பி, நுண்ணுயிர் ஆகியவற்றின் ஓடுகள் அடியில் படிந்து, ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கல்லாயின. பின்னர் நிலம் உயர்ந்தது, கடல் விலகியது. கம்பாருக்கு அருகே ஓர் ஈயச் சுரங்கத்தைத் தோண்டியபோது கல்லாகிப்போன கடல் நத்தைகள் ஏராளமாகக் கிடைத்தன; உலக அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து நூல்களில் பதிவுசெய்துள்ளனர். ஆகவே கடலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட பெற்றோர்க்கு நான் கூறும் முதல் விடை: நாம் குடியிருப்பதே ஒரு பழங்கடலின் அடித்தரையில்தான்.

இரண்டாவது விடை இன்னும் வியப்பானது. தம்புனில் ஒரு சுண்ணாம்புக் குன்றின் பாறைச்சுவரில் பழங்கால மக்கள் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. அவசரகாலத்தின் இறுதியில், 1959ஆம் ஆண்டு, கூர்க்காப் படையைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கண்ணில் அவை தற்செயலாகப் பட்டன. பிற்காலத்தில் அறிஞர்கள் அளந்து எண்ணியபோது அறுநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் அங்கே இருப்பது தெரியவந்தது. மான் உண்டு, காட்டுப்பன்றி உண்டு, தாப்பீர் உண்டு, மனித உருவங்களும் உண்டு. அவற்றுள் உடல் பருத்து, வால் இருபுறமும் அகன்று காணப்படும் ஓர் உருவத்தை ஆய்வாளர் பலர் கடற்பசு என்று கருதுகின்றனர். வேறுவகையாகப் பொருள் கொள்வாரும் உளர்.

ஈப்போவில் கடற்பசுவா என்று மாணவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு இடமில்லை. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் நம் தீபகற்பத்தைச் சுற்றிக் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. இன்று வயலும் செம்பனையுமாக விளங்கும் தாழ்நிலம் பல அன்று சேறும் அலையாத்திக் காடுமாக இருந்தன. கடற்கரை குன்றுகளை நோக்கி நெருங்கியிருந்தது. அவ்வோவியர் கடற்பசுவைத்தான் தீட்டினார் என்றால், அவர் புத்தகத்தில் பார்த்துத் தீட்டியிருக்க முடியாது. கண்ணால் கண்டே தீட்டியிருக்க வேண்டும்.

அவர் கையாண்ட வண்ணத்தையும் கவனியுங்கள். அது செங்காவி, இரும்பின் ஆக்சைடு. துருப்பிடித்த தகரத்திலும் நம் தோட்டத்துச் செம்மண்ணிலும் உள்ள அதே பொருள். குயவர்க்கும் மிகப் பழைய வண்ணம் அதுவே. மூங்கில்போல் வளராமலும் இலைபோல் உதிராமலும் கல்லில் பற்றி நிற்பது அதன் சிறப்பு. ஆனால் மனிதர் கிறுக்கினால் அதுவும் தாங்காது. அப்பாறையின்மேல் தம் பெயரை எழுதிவைத்துச் சென்ற அறிவிலிகள் உளர் என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

கடற்பசுவை நம் தாய்நாட்டு மீனவர் 'ஆவுளியா' என்று வழங்குவர். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கு வந்திறங்கிய நம் தாத்தா பாட்டிமார் விட்டுவந்த கரைக்குத் தெற்கே, பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளில் அது இன்றும் மேய்கிறது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு அங்கே 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நம் தீபகற்பத்தில் ஜொகூர்க் கிழக்குக் கரைத் தீவுகளைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் எஞ்சியிருக்கிறது. ஈப்போக் குன்றில் தீட்டப்பட்ட விலங்கைப் பார்க்க இன்று நாம் மாநிலம் கடந்து செல்ல வேண்டும்.

கடலுயிரைச் சுடுமண்ணில் தீட்டும் கலையில் தலைசிறந்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், கிரீட் தீவினர் என்பேன். கிரேக்க நாட்டுக்குத் தெற்கே உள்ள அத்தீவில், கி.மு. 1500ஐ ஒட்டிய காலத்தில், கலம் முழுவதையும் கடலாகவே காட்டும் ஒரு பாணி தோன்றியது. பாலைகாஸ்ட்ரோ என்னும் இடத்தில் கிடைத்த ஒரு குடுவை ஹெராக்லியான் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் நடுவே ஒரு கணவாய் இனத்து எட்டுக்காலி, அதாவது பேய்க்கணவாய், இரு பெரிய கண்களால் நம்மையே பார்க்கிறது. அதன் கரங்கள் குடுவையின் வளைவைத் தழுவி எல்லாப் பக்கமும் சுருண்டு செல்கின்றன. கரங்களுக்கிடையே எஞ்சிய இடத்தில் பவளமும் பாசியும். படத்தைக் கட்டம் போட்டு அடைக்காமல், கலத்தின் உருண்டை வடிவமே அவ்வுயிரின் உடல் வடிவம் ஆகுமாறு தீட்டியிருப்பதுதான் அதன் நுட்பம். மாணவர்க்கு இதன் படத்தைக் காட்டிய பின்னரே தூரிகையைக் கையில் கொடுத்தோம்.

நம்மவர் இக்கலையில் பின்தங்கியவர் அல்லர். கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் மீன் உருவம் கொண்டவை உண்டு. பாண்டியர் கொடியிலும் காசிலும் மீன் விளங்கியதை வரலாற்றில் படித்திருக்கிறீர்கள். நம் மாநிலத்திலோ கோலகங்சாருக்கு எதிர்க்கரையில் சாயோங் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே சுரைக்காய் வடிவில் செய்யப்படும் தண்ணீர்க் குடுவையே புகழ்பெற்ற 'லாபு சாயோங்'. அதில் வண்ணம் தீட்டுவதில்லை. கோடும் பூவும் கீறி அழகு செய்வர். சூட்டோடு சூடாக நெல்லுமியில் புதைத்து எடுப்பதால் கருநிறம் ஏறுகிறது. அதன் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்திருக்கும். அடுத்த முறை கோலகங்சார் வழியே செல்லும் பெற்றோர் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டுவார்களாக.

இனி நம் வகுப்பில் நடந்தவற்றைக் கூறுவேன். முறைப்படி செய்வதாயின், முதலில் மெருகின்றி 900 முதல் 1,000 பாகை வரை சுட்ட கலத்தின்மேல் கனிம வண்ணங்களைத் தீட்டி, அதன்மேல் மெருகு தோய்த்து, மீண்டும் சுட வேண்டும். அவ்வண்ணங்கள் தீட்டும்போது ஒரு நிறமாகவும் சூளையிலிருந்து வரும்போது வேறு நிறமாகவும் இருக்கும். கோபால்ட் ஆக்சைடு கறுப்புத் தூள். நெருப்பிலிருந்து வெளிவரும்போது ஆழ்கடல் நீலம். செம்பு பச்சை தரும். சூளையில் காற்றைக் குறைத்தால் அதே செம்பு சிவப்பும் தரும். ஆகவே சீனத்துப் பீங்கான் ஓவியர் கறுப்பைத் தீட்டிக்கொண்டே மனத்துக்குள் நீலத்தைக் கண்டவர் ஆவார். சுட்ட ஓடு நீரை உறிஞ்சும் இயல்புடையதாதலால், தூரிகை தொட்டவுடனே வண்ணம் உள்ளிறங்கிவிடும். அழித்துத் திருத்த வழியில்லை.

நம் பள்ளியில் சூளை கிடையாது. ஆதலால் ஏற்கெனவே சுட்ட மங்கின்மேல் அக்ரிலிக் வண்ணம் தீட்டினோம். மங்கில் ஒட்டியிருந்த பழம்பாலைச் சுரண்டி, சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். மெருகில்லாத வெளிப்புறமே வண்ணத்தை நன்கு பற்றும் என்பதால் அப்பக்கத்தையே மாணவர்க்கு ஒதுக்கினோம். முதலில் மெல்லிய வெள்ளைப் பூச்சு, அது காய்ந்தபின் பென்சில் கோடு, அதன்பின் வண்ணம் இருமுறை, இறுதியில் வார்னிஷ். இவ்வாறு தீட்டிய மங்கில் எதையும் ஊற்றிக் குடிக்கவோ உண்ணவோ கூடாது. அழகுக்கு மட்டுமே அது.

கணக்கைப் பற்றிக் கேட்ட பெற்றோர்க்கு இவ்விடத்தில் விடை இருக்கிறது. பேய்க்கணவாய்க்கு எட்டுக் கரங்கள். ஒரு மாணவன் முதலில் ஆறு கரங்களையே தீட்டி, "இடம் போதவில்லை ஐயா" என்றான். நூலை எடுத்து மங்கின் விளிம்பைச் சுற்றி அளக்கச் சொன்னோம். விளிம்பின் விட்டம் 12 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 37.7 சென்டிமீட்டர். எட்டாகப் பகுத்தால் ஒரு கரத்துக்கு 4.7 சென்டிமீட்டர் கிடைக்கும். ஆனால் அடிப்பாகத்தின் விட்டம் 7 சென்டிமீட்டர்தான். சுற்றளவு 22 சென்டிமீட்டர். அங்கே ஒரு கரத்துக்கு 2.7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எனவே தலையை அடிப்பாகத்தில் வைத்துக் கரங்களை விளிம்பை நோக்கி விரியவிட வேண்டும். இதனை அம்மாணவனே கண்டுபிடித்தான். மங்கைக் கவிழ்த்து வைத்தான். பேய்க்கணவாய் எட்டுக் கரங்களோடும் சரியாக உட்கார்ந்தது. வட்டத்தின் சுற்றளவை அவன் இனி மறப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓவியம் தீட்டும்போது உயிரினத்தை நாம் உண்மையிலேயே அறிவோமா என்பது வெளிப்பட்டுவிடுகிறது. கணவாய்க்கு எட்டுக் கரங்களோடு நீண்ட இரண்டு பற்றுக்கரங்களும் சேர்ந்து பத்து. சந்தையில் வாங்கி வரும்போது அம்மாவோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். மீனின் வால் செங்குத்தாக நிற்கும், இடவலமாக ஆடும். கடற்பசுவின் வாலும் ஓங்கிலின் வாலும் கிடையாகப் படுத்திருக்கும். மேலும் கீழும் அசையும். ஏனெனில் அவை மீன்கள் அல்ல. நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டிக்குப் பாலூட்டும் விலங்குகள். வால் ஒன்றைச் சரியாகத் தீட்டினாலே போதும், அது எவ்வினம் என்று சொல்லிவிடலாம். மாத்தாங் அலையாத்திக் காட்டின் முகத்துவாரங்களில் ஓங்கில்கள் இன்றும் வாழ்கின்றன. சுமார் 40,000 எக்டர் பரந்து, 1902 முதல் முறையாகப் பேணப்பட்டு வரும் அக்காடு நம் மாநிலத்துக்குப் பெருமை.

'பெலாங்காஸ்' எனப்படும் குதிரைலாட நண்டைப் பலர் ஆர்வத்தோடு தீட்டினர். பெயர்தான் நண்டு, இனத்தால் அது சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கியது. அதன் குருதி நீலம். நம் குருதியில் இரும்பு இருக்கும் இடத்தில் அதற்குச் செம்பு இருப்பதே காரணம். மெருகில் பச்சை தரும் அதே செம்பு இங்கே உயிர்க்காற்றைச் சுமக்கிறது.

கூடுதலான தடுமாற்றம் ஆமையில்தான் ஏற்பட்டது. பிள்ளைகள் அறிந்தது தோட்டத்து அல்லூரில் ஊரும் ஆமை. ஆகவே நகமுள்ள நான்கு கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் தலையையும் தீட்டினர். கடலாமைக்குக் கால்கள் இல்லை, துடுப்புகளே உள்ளன. முன்துடுப்பு நீண்டது, பின்துடுப்பு குட்டையானது. அது தலையை உள்ளிழுக்க இயலாது. பச்சை ஆமையின் முதுகோட்டில் நடுவே ஐந்து தகடுகளும் பக்கத்துக்கு நான்காக எட்டுத் தகடுகளும் இருக்கும். இதனைச் சொல்லிக் கொடுத்தபின் ஒரு மாணவி ஒவ்வொரு தகட்டையும் எண்ணி எண்ணித் தீட்டினாள். அவளுக்கு மூன்று பாட வேளைகள் பிடித்தன. விரைந்து முடிக்குமாறு நாம் சொல்லவில்லை.

இப்பச்சை ஆமை நம் மாநிலத்துக்கே வருகிறது என்பதைப் பெற்றோர் பலரும் அறியார். லூமுட்டுக்கு வடக்கே செகாரியில் பாசிர் பாஞ்சாங் கடற்கரை உள்ளது. அங்கே தாயாமை இரவில் கரையேறிக் குழி பறித்து, ஒரு தடவைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. மீன்வளத் துறையின் காப்பகம் அம்முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கச் செய்கிறது. இரண்டு மாத அளவில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் சூடு மிகுந்தால் பெண்குஞ்சு மிகும்; குறைந்தால் ஆண் மிகும். கடலில் இறங்கும் குஞ்சுகளுள் வளர்ந்து முட்டையிடும் வயதை எட்டுபவை மிகமிகச் சில. அவ்வயதை எட்டவும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். இவ்வாண்டு செகாரியில் கடலுக்குள் சென்ற குஞ்சு ஒன்று தாயாகித் திரும்பி வரும் நாளில், இன்று நான்காம் ஆண்டில் பயிலும் மாணவிக்கு முப்பது வயதுகூடக் கடந்திருக்கலாம்.

திரும்பி வராமலே போவதும் உண்டு. திரெங்கானு மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு 1950களில் தோல்முதுகு ஆமைகள் வந்து ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் இட்டன. ஆமையினத்தில் அதுவே மிகப் பெரியது; முதுகில் தகடுகள் இல்லை, தோல்போன்ற பரப்பில் நீளவாட்டில் ஏழு வரைகள் ஓடும். அக்காட்சியைக் காண வெளிநாட்டார் கூட்டங்கூட்டமாக வந்தனர். முட்டைகளைத் தோண்டி விற்பதும் ஆண்டுதோறும் நடந்தது. மீன் வலைகளில் சிக்கியும் ஆமைகள் மாண்டன. முட்டை எடுத்ததன் விளைவு உடனே தெரியவில்லை. ஏனெனில் அப்போது வந்துகொண்டிருந்தவை முன்னொரு காலத்தில் பொரித்தவை. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் அங்கே கரையேறியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2022இல் அம்மாநிலம் எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனையையும் தடை செய்தது. ரந்தாவ் அபாங்கின் தோல்முதுகு ஆமைக்கு அச்சட்டம் காலங்கடந்து வந்தது. பச்சை ஆமைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இச்செய்தியை வகுப்பில் கூறியபோது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "அப்படியானால் நம் மங்கில் தீட்டியது, தம்புன் குகையில் தீட்டியதுபோல் ஆகிவிடுமா ஐயா?" என்று கேட்டான். அதாவது, படம் இருக்கும், விலங்கு இராது என்று அவன் பொருள் கொண்டான். ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றே விடையளித்தேன். பெரியவர்களால்கூட அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாத கேள்வி அது. எனினும் குகை ஓவியர்க்கு நேராத ஒரு வாய்ப்பு நமக்கு இருக்கிறது. கூடுகளை எண்ணவும், முட்டைகளைக் காக்கவும் இன்று ஆட்கள் உள்ளனர். நம் பிள்ளைகளும் வளர்ந்து அப்பணிக்குச் செல்லலாம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒத்துழைப்போடு, அடுத்த ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் செகாரிக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். வழியில் லூமுட் கடற்கரையில் உணவு. கடலை இதுவரை நேரில் காணாத மாணவர் நம் பள்ளியில் இன்னும் இருக்கின்றனர், அவர்களுக்கே முதலிடம்.

இவ்வாண்டு தீட்டிய மங்குகள் நூலக அலமாரியின் மேல்தட்டில் வைக்கப்பட்டுள்ளன. பெற்றோர் எந்நாளும் வந்து பார்க்கலாம். ஒவ்வொன்றின் அடியிலும் மாணவர் பெயரோடு, அம்மங்கு எந்தப் பிரிவில் கண்டெடுக்கப்பட்டது என்பதையும் எழுதியிருக்கிறோம். அடுத்த ஆண்டு வகுப்புக்கு இன்னும் மங்குகள் தேவைப்படுகின்றன. வீட்டில் வைத்திருப்போர், விளிம்பு உடையாதவையாகப் பார்த்து, கழுவி, வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம். பழம்பால் ஒட்டியிருந்தால் அப்படியே கொண்டுவரலாம். அதனை உரித்தெடுப்பதில் மாணவர்க்குள் பெரும்போட்டியே நடக்கிறது.